நுகத்தடிச் சிலுவை

எங்கள் கூண்டு வண்டியையும் மாடுகளையும் விற்க எனக்கு ஒரு முற்பகல்கூட ஆகவில்லை. என் மனைவிக்கு அவள் தகப்பனார் சீராகக் கொடுத்தவை அவை. அவர் இறந்தபின் மாமியார் கடமலைக்குண்டில் தனியாக இருந்தார். மகளை மலைக்கு இந்தப் பக்கம், அனுமந்தன்பட்டிக்குக் கட்டிக்கொடுத்தபோது மாமியார் கேட்ட ஒரே உறுதி, அவள் நினைத்தபோது வந்து போகவேண்டும் என்பதுதான். பங்குச் சாமியாரிடம் மந்திரித்து வாங்கிய ஒரு சிறிய மரச்சிலுவையை நுகத்தடியின் நடுவில் செம்புக் கம்பியால் தம் கையாலேயே கட்டி அனுப்பியிருந்தார்.

நான் அப்போது கோயில் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர். பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். ரயிலடியில் வந்து இறங்கும் சாமான்களை மலையடிவாரம் கொண்டுசேர்க்க எத்தனை வண்டிகள் இருந்தாலும் போதவில்லை. கம்பம் ஊரில் ஒரு வியாபாரி வண்டிப்பேட்டை போட்டு, பழைய வண்டிகளை எல்லாம் மாட்டோடு வாங்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கணக்கு நன்றாக வரும். அணை வேலை முடிந்ததும் வண்டிகள் சீந்துவாரற்றுக் கிடக்கும். இப்போது விற்றுவிட்டு, அப்போது இதைவிட நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. மனைவியிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

எங்கள் பக்கத்தில் வண்டிமாடு விற்பது ஒரே நாளில் முடிகிற காரியமல்ல. வாங்க வருகிறவர் சுழி பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், பாரம் ஏற்றி ஓட்டிப் பார்ப்பார், யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டு அடுத்த வாரம் வருவார். இந்த வியாபாரி குனிந்து அச்சைப் பார்த்ததோடு சரி. துண்டைப் போட்டுக் கைகளை மூடி, என் விரல்களைப் பிடித்து விலை சொன்னார். நான் தயங்கினேன்.

"வாத்தியாரய்யா, யோசிக்கிறதெல்லாம் வீட்லயே யோசிச்சிட்டு வந்திருக்கணும். ஒங்களுக்குப் பின்னால எத்தன வண்டி நிக்குதுன்னு பாருங்க."

சம்மதித்துவிட்டேன். கிளம்பும்போது, மாடுகளுக்கு ஒரு தடவை தண்ணீர் காட்டிவிட்டுப் போகிறேன் என்றேன். "அது இனி எங்க மாடு. நாங்க காட்டிக்கிருவோம்," என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியின் அச்சைப் பார்க்கக் குனிந்தார்.

நடந்து திரும்புகையில், ஊர் நெருங்கும்போதுதான் சிலுவை நினைவுக்கு வந்தது. மந்திரித்த பொருளை விற்பது எங்களுக்குப் பாவம். வண்டியை விற்கிற எங்கள் ஆட்கள் எவரும் முதலில் அவிழ்ப்பது அதைத்தான். திரும்பிப் போயிருக்கலாம். பேட்டையில் சிரிப்பார்கள் என்ற கூச்சத்தில் போகவில்லை.

வீட்டில், வண்டியை ஒரு மாதத்துக்கு வாடகைக்கு விட்டிருப்பதாகச் சொன்னேன்.

"சிலுவையக் கழட்டிக்கிட்டீகளா?" என்று கேட்டாள்.

"வாடகைக்குப் போற வண்டிக்கும் காவல் வேணும்ல?" என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அதுதான் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

சில நாட்களில் கடமலைக்குண்டுக்காரர் ஒருவர் வந்து, மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டார், மகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொன்னார். நான் வாடகை வண்டி தேடி ஓடினேன். எங்கள் ஊரிலும் இல்லை, உத்தமபாளையத்திலும் இல்லை. ஓடுகிற நிலையில் இருந்த வண்டியெல்லாம் அணை வேலைக்குப் போயிருந்தது. வெறுங்கையோடு திரும்பியபோது அவள் சோற்றைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "நடந்துருவோம். ஆத்தா அதுவரைக்கும் இருப்பா," என்றாள்.

சின்னமனூர் தாண்டியதும், எதிரே ரயிலடியிலிருந்து இரும்பு ஏற்றிய வண்டிகள் வரிசையாக வந்தன. அதில் ஒன்று அவளுக்கு நேரே வந்து நின்றுவிட்டது. எங்கள் மாடுகள், மயிலையும் செவலையும். கூண்டைக் கழற்றியிருந்தார்கள். பேட்டை மாடுகளுக்கெல்லாம் பூசும் சிவப்புச் சாயம் கொம்புகளில் ஏறியிருந்தது. அவள் செவலையின் நெற்றியில் கைவைத்தாள்.

"ஏத்தா, வழிய விடு. அடிச்சாலும் நிக்காத மாடு, ஒன்னயப் பாத்து நிக்குது," என்றார் வண்டிக்காரர்.

"வாடகை வண்டியாண்ணே?"

"வாடகையா? எங்க மொதலாளி வாங்குனது. யாரோ வாத்தியாராம். வித்த வேகத்துல மாட்டுக்குத் தண்ணிகூடக் காட்டாமப் போயிட்டாராம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிலுவையை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா, அது விற்கிற பொருளில்லை என்று அவரிடம் கேட்டாள்.

"எடுத்துக்க ஆத்தா. பாரத்துல அதாச்சும் கொறையட்டும்."

கம்பி களிம்பேறாமல்தான் இருந்தது. ஆனாலும் அவிழ்க்க நேரமாயிற்று. நான் உதவப் போனேன். அவள் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு சிலுவையை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள். நான் பேச வாயெடுத்தபோதெல்லாம், வெயிலுக்கு முன்னால் போய்விடலாம், நிழல் வந்தால் உட்காரலாம் என்று வழியைப் பற்றியே பேசினாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். மாமியார் உயிரோடு இருந்தார். பார்வை ஏறக்குறைய போயிருந்தது. மகளின் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது இதுதான்:

"வண்டியிலதான வந்தீக?"

"வண்டியிலதான் ஆத்தா." சொல்லிக்கொண்டே, கொப்புளம் கண்ட பாதங்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். முடிச்சை அவிழ்த்துச் சிலுவையைத் தாயின் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தா, நீ கட்டிவிட்ட சிலுவ. ஒனக்குன்னு கழட்டிக் கொண்டாந்தேன்."

அவர் விரல்களால் அதைச் சுற்றிச் சுற்றித் தடவினார். முகம் தெளிந்தது. "மாட்டுக்கு வைக்கோல் போட்டாகளா?" என்றார்.

அப்போதுதான் என் மனைவி என்னைப் பார்த்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாக.

நான் வெளியே போனேன். பக்கத்துவீட்டுப் படப்பிலிருந்து இரண்டு கத்தை வைக்கோலைச் சத்தம் கேட்கும்படி உருவிக்கொண்டு வந்து, வேப்பமரத்தடியில், மாடுகள் வழக்கமாக நிற்கும் இடத்தில் உதறிப் போட்டேன். ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து, சண்டை போடாமல் தின்னுங்கள் என்று ஒரு அதட்டலும் போட்டேன்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் இந்த வயதில் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். விடிந்ததும் அவள் மரத்தடிக்கு வந்தாள். கிடந்த வைக்கோலை நானும் அவளுமாக அள்ளி, உருவின இடத்திலேயே கொண்டுபோய்ச் செருகினோம்.

"ராத்திரி நல்லாத் தின்னுச்சுகன்னு ஆத்தாகிட்டச் சொல்லிருக்கேன்," என்றாள்.