அமலா போட்ட ஒயரிங்

திண்டிவனத்தில் வீட்டு ஒயரிங் வேலைக்கு அமலாவைக் கூப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். முப்பத்தாறு வயது. அப்பாவும் அம்மாவும் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர்கள். விழுப்புரத்தில் ஐடிஐ படித்தபோது எலக்ட்ரீஷியன் வகுப்பில் இவள் ஒருத்திதான் பெண். முன்பெல்லாம் இவள் ஏணியில் ஏறினால் தெரு நின்று பார்க்கும். இப்போது ஏசி வாங்கும் முன்பே, "அமலா வந்து லோடு பாத்துட்டுப் போவட்டும்" என்கிறார்கள்.

போன சித்திரையில் மயிலத்தில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தாள். கூட்டேரிப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரம் வரிசையாக ஒன்பது வீடுகள். அந்த இடத்தில் அவள் எப்போதும் பார்வையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். அன்றைக்கு எப்படியோ பார்த்துவிட்டாள். நான்கு வீட்டுச் சுவரில் ஏசியின் வெளிப்பெட்டி தொங்கியது. வண்டியை நிறுத்தினாள்.

அந்த ஒன்பது வீட்டுக்கும் ஒயரிங் போட்டவள் அவள்தான். பதினான்கு வருடங்களுக்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்த புதிது. கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி தோண்டவில்லை, எர்த் ஒயரும் இழுக்கவில்லை. மூன்று துளை பிளக் பாயிண்டில் எர்த்துக்கான மேல் துளை சும்மா கிடந்தது. "நியூட்ரல்லேர்ந்து ஒரு துண்டு ஒயர எடுத்து அதுல கட்டிடும்மா. எவன் தொறந்து பாக்கப்போறான்?" என்றார் காண்ட்ராக்டர் கண்ணையன். அவள் கட்டினாள். ஒன்பது வீட்டிலும், ஒரு பாயிண்ட் விடாமல்.

அது எவ்வளவு பெரிய தப்பு என்பது இரண்டே வருடத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. நியூட்ரல் என்பது கரண்ட் திரும்பிப் போகும் வழி. அது சரியாக இருக்கும்வரை எந்தக் குறையும் தெரியாது. மெயின் பக்கம் அது விட்டுப்போனால் வீடு முழுக்க லைட், ஃபேன் எல்லாம் நின்றுவிடும். ஆனால் போக வழியில்லாத கரண்ட் அந்தத் துண்டு ஒயரைப் பிடித்துக்கொண்டு ஃப்ரிட்ஜின் கதவிலும் வாஷிங் மிஷினின் தகட்டிலும் வந்து நிற்கும். கரண்ட் போய்விட்டது என்று நம்பி ஈரக்கையோடு தொட்டால் உயிர் போகும்.

அதற்குப் பிறகு ஒரு வீட்டிலும் அவள் அப்படிச் செய்யவில்லை. இந்த ஒன்பது வீட்டுக்குத் திரும்பிப் போகவும் இல்லை. அங்கே ஃபேனும் டிவியும்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்போது ஏசி, ஹீட்டர், வாஷிங் மிஷின். அந்த மெல்லிய ஒயரில் இவ்வளவு லோடு ஓடினால் மூட்டுகள் சூடாகிக் கருகும். என்றைக்காவது நியூட்ரல் விடும்.

கண்ணையனுக்குப் போன் செய்தாள். அவர் இப்போதும் அவளுக்கு வேலை பிடித்துக் கொடுப்பவர்.

"பதினாலு வருஷம் ஓடிச்சில்ல? இன்னும் ஓடும். பழசப் போய்க் கெளறிக்கினு இருக்காத, பேஜாரு" என்று வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்த கையோடு டூல் பையை எடுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தாள். முதல் வீட்டுக் கதவு திறந்ததும் வாயில் வேறு வந்தது. "பழைய வீட்டுங்கள்ல ஒயரிங் செக் பண்ணிக்கினு வர்றேங்க. காசு வேணாம்." ஐந்து வீட்டில் விட்டார்கள். பாயிண்ட்களைத் திறந்து துண்டு ஒயர்களை வெட்டி எடுத்தாள். எர்த் குழி போட இன்னொரு நாள் வருவதாகச் சொன்னாள். ஒரு வீடு பூட்டியிருந்தது. இரண்டு வீட்டில் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

கடைசி வீடு முருகையனுடையது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டுக்கு உள்ளேயே நின்று கேட்டார்.

"ஓசியில எவம்மா செக் பண்ணுவான்? மொதல்ல பாக்கறேன்னு வருவீங்க, அப்பறம் அது போச்சு இது போச்சுன்னு மாத்தச் சொல்லுவீங்க. முப்பது வருஷம் பஸ்ல எத்தினி ஆள பாத்திருக்கேன்? போம்மா."

அவர் மனைவி சித்ரா பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். அமலா சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. திரும்பிவிட்டாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, திண்டிவனத்தில் ஒரு வீட்டில் அவள் ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. பானுப்ரியா. அந்த வரிசையில் மூன்றாவது வீடு, வீட்டிலேயே துணி தைப்பவள், ஞாயிற்றுக்கிழமை நம்பர் வாங்கி வைத்துக்கொண்டவள்.

"அக்கா, முருகையன் பெரியப்பா வூட்ல ஹீட்டர் போட்டா லைட்டு மினுக்கு மினுக்குன்னுதாம். சித்ரா பெரியம்மா சொல்லுச்சி. ஒங்கள கேக்கலாம்னு..."

அமலா ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டாள். நியூட்ரல் மூட்டு பிடி விட்டுக்கொண்டிருக்கிறது.

"பானு, ஜல்தியா போ. மெயின் சுவிட்ச அணைக்கச் சொல்லு. எதையும் தொடவேணாம்னு சொல்லு. நான் வர்றேன்."

ஸ்கூட்டியைக் கிளப்பினாள். பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அந்த வண்டி அதுவரை போகாத வேகத்தில் போனாள். துப்பட்டாவுக்குள் காதோடு செருகியிருந்த போன் மறுபடி அடித்தது.

"அக்கா, நான் சொன்னா பெரியப்பா கேக்க மாட்டேன்றாரு. அந்தப் பொண்ணு அனுப்புச்சாளான்றாரு. இப்ப அவங்க வூட்ல கரண்டு போயிடுச்சிக்கா."

"உங்க வூட்ல?"

"இருக்குது. ஃபேனு ஓடுது."

அப்படியானால் லைனில் கரண்ட் இருக்கிறது, அந்த வீட்டு நியூட்ரல்தான் விட்டுவிட்டது. "சித்ராக்கா எங்க?"

"பின்னால துணி தொவச்சிக்கினு இருந்துச்சி. மிஷின் பாதில நின்னுபோச்சாம்."

"ஓடு. கத்து. மிஷின தொடக்கூடாதுன்னு கத்து. கூட்டேரிப்பட்டு வந்துட்டேன்."

அங்கே வந்ததும் அமலா வண்டியை ஸ்டாண்டு போடாமல் அப்படியே சாய்த்துவிட்டு இறங்கினாள். முருகையன் கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே பானுப்ரியா கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"கரண்டே இல்லன்றேன், எதுலேர்ந்து ஷாக் அடிக்கும்? ஆளாளுக்கு வந்து..."

முன்கதவும் பின்கதவும் திறந்திருந்தன. நேர்கோட்டில், வீட்டுக்கு அந்தப் பக்கம் சித்ரா தெரிந்தாள். ஈரத் தரையில் வெறுங்கால். இடுப்பில் பிளாஸ்டிக் பக்கெட். மிஷினில் ஊறிக்கிடக்கும் துணியை அள்ளுவதற்காகக் குனிந்து இன்னொரு கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"சித்ராக்கா! கைய எடு!"

தன்னிடமிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று அமலாவுக்கே தெரியாது. சித்ரா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கை அந்தரத்தில் நின்றது.

"அப்பிடியே பின்னால வந்துடுக்கா. மிஷின்மேல படாம வா."

"இன்னாம்மா ரகள பண்ற?" என்று முருகையன் கத்தினார்.

"இந்த வூட்டு ஒயரிங் நான் போட்டதுண்ணே" என்றாள் அமலா. "பதினாலு வருஷத்துக்கு முன்ன. தப்பா போட்டேன். தெரிஞ்சேதான் இவ்ளோ நாளு சொல்லாம இருந்தேன். இப்ப அந்த மிஷின்ல கரண்ட் நிக்குது. கதவ விடுங்க."

அவர் தாழ்ப்பாளை விட்டார். அவள் உள்ளே பாய்ந்து மெயின் சுவிட்சை அணைத்தாள்.

சித்ரா வாசல் பக்கம் வந்து படியில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முருகையன் கேட்டார். "கரண்டு இருந்துச்சுன்னு எப்பிடி நம்பறது?"

எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அமலா மெயினை மறுபடி போட்டாள். வீட்டில் ஒரு லைட்டும் எரியவில்லை, ஃபேன் சுற்றவில்லை. காய்ந்த பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் ஏறி நின்று டெஸ்டரின் நுனியை மிஷினின் வெள்ளைத் தகட்டில் வைத்தாள். டெஸ்டருக்குள் இருந்த குட்டி பல்பு சிவப்பாக எரிந்தது. ஓடிப்போய் அணைத்தாள்.

சித்ரா அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தாலியைத் தொட்டாள். பிறகு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

முருகையன் தெருவில் இறங்கி நின்று கத்தினார். அக்கம்பக்கத்து வீட்டு ஆட்களெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். "கேட்டுக்கோங்க, நம்ம வூட்டயெல்லாம் பொணம் வுழற வூடா கட்டி வச்சவ இவதான்! ஞாயித்துக்கெழம வந்து நல்லவ மாதிரி செக் பண்ணிட்டுப் போனா!" ஞாயிற்றுக்கிழமை அவளை உள்ளே விட்டு மோர் கொடுத்த குப்பம்மாள், "கேட்டப்பயே சொல்லியிருக்கலாமில்ல? ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். முருகையன் திட்டியதை நின்று கேட்ட அமலாவால் இதற்குத் தலை நிமிர முடியவில்லை.

"பயந்தாம்மா" என்றாள். "வேற ஒண்ணுமில்ல."

வைகாசி முழுக்க ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான் போயின. கணவன் அலெக்ஸ் லோடு ஆட்டோவில் குழிக்குள் போடும் பைப்பும் கரியும் உப்பும் ஏற்றி வந்து கூடவே குழி தோண்டினான். வீட்டுக்கு ஒரு எர்த் குழி, பாயிண்ட்டுக்குப் பாயிண்ட் எர்த் ஒயர், மெயினிலிருந்து தடித்த புது ஒயர், கரண்ட் கசிந்தால் உடனே அணைந்துவிடும் பிரேக்கர். பூட்டியிருந்த வீட்டின் சொந்தக்காரரைப் புதுச்சேரியில் தேடிப் பிடித்து வரவழைத்தாள். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை, சாவியை மட்டும் கொடுத்தார். கண்ணையன் அதற்கப்புறம் அவளுக்கு எந்த வேலையும் சொல்லவில்லை. திண்டிவனத்தில் சிலர், இவளையா கூப்பிடுவது என்று யோசித்தார்கள். சிலர் முன்னைவிட அதிகமாகக் கூப்பிட்டார்கள்.

முருகையன் அவளைத் தன் வீட்டுக்குள் விடவில்லை. வேறொரு எலக்ட்ரீஷியனை வரவழைத்தார். அமலா அந்த ஆளின் நம்பரை விசாரித்துப் போன் செய்தாள். "பரண்கிட்ட ஒரு பாயிண்ட் இருக்கும், மேல சாமான் அடுக்கி மறைஞ்சிருக்கும். அதையும் தொறந்து பாருங்கண்ணே" என்றாள். அவர் பார்த்தார். அங்கேயும் துண்டு ஒயர் இருந்தது.

ஆடியில் ஒருநாள் பானுப்ரியா வேறு எதற்கோ போன் செய்தாள். பேச்சுவாக்கில், "சித்ரா பெரியம்மா இன்னும் மிஷின் சுவிட்ச மரக்கரண்டியாலதான்கா போடுது" என்று சிரித்தாள்.

"எல்லாம் மாத்தியாச்சு, இனிமே பயமில்லன்னு சொல்லு பானு."

"நான் சொல்லிட்டேன். நீங்க வேணா சொல்லிப் பாருங்க. ஒங்க பேச்ச நம்புமா அது?"

"அவங்க வூட்டு வேல பாத்த அண்ணன சொல்லச் சொல்றேன்" என்றாள் அமலா. "சரி, வெச்சிடறேன்" என்று பானுப்ரியா போனை வைத்தாள்.