மைக்கில் சொன்ன தப்புக் கணக்கு

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. அரியலூரில் உள்ளூர் வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஒரு பொருட்காட்சி போட்டிருந்தார்கள். அதில் தினமும் சாயங்காலம் ஒரு விலைப் போட்டி உண்டு. மேஜையில் ஆறு கடைச் சாமான்கள் இருக்கும். விலை எழுதிய அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். நுழைவுச் சீட்டைக் குலுக்கி ஒருவரை மேடைக்குக் கூப்பிடுவார்கள். அவர் மூன்று சாமான்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றின் விலையும் சேர்ந்து சரியாக இருபது ரூபாய் வந்தால், அவருக்கு ஒரு கால்மிதி தையல் மிஷின் பரிசு.

அட்டையைத் திருப்பி விலையைப் படித்து, கூட்டிச் சொல்லும் வேலை எனக்கு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மேடையில் கரும்பலகை வைத்திருந்தார்கள். நான் அதைத் தொட்டதே இல்லை. மனக்கணக்காகச் சொன்னால்தான் கூட்டம் கை தட்டும்.

அந்தச் சனிக்கிழமை சீட்டு விழுந்தது செந்துறைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு. முப்பது வயதிருக்கும். களையெடுக்கும் கூலி வேலை என்று மைக்கில் சொன்னார். ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, தேயிலைப் பொட்டலம், தேங்காய் எண்ணெய், சோப்பு மூன்றையும் தனியே நகர்த்தி வைத்தார்.

அட்டைகளைத் திருப்பினேன். ஏழு ரூபாய் முப்பத்தைந்து காசு. எட்டு ரூபாய் தொண்ணூறு. மூன்று ரூபாய் எழுபத்தைந்து. படித்த வேகத்திலேயே, "பத்தொன்பது ரூபாய்! ஒரு ரூபாயில் போச்சே!" என்று அறிவித்தேன்.

கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் உதட்டை அசைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மேஜையை ஒதுக்கும்போது, வியாபாரிகள் கமிட்டி சரியான விடையை எழுதி வைத்திருந்த சீட்டைப் பிரித்தேன். தேயிலை, எண்ணெய், சோப்பு என்று இருந்தது. காசை மட்டும் கூட்டிப் பார்த்தேன். முழுசாக இரண்டு ரூபாய். அதில் ஒன்றைத்தான் நான் ரூபாயோடு சேர்த்திருந்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்தால் நான் குட்டு வைக்கிற தப்பு.

கமிட்டித் தலைவரிடம் ஓடினேன். அவர், "விடுங்க சார். அந்தம்மா போயிருச்சு. யாருக்குத் தெரியப்போவுது? நாளைக்கு வேற சாமான் வெச்சிக்கலாம். வெளிய சொன்னா அசிங்கம் உங்களுக்குத்தான்" என்றார்.

பொய் சொல்வானேன், அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். என் மாணவர்களும் அவர்களுடைய அப்பா அம்மாவும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினேன். செந்துறையில் இறங்கி விசாரித்துக்கொண்டே நடந்தேன். ஒரு கடலைக் கொல்லையில் நாலைந்து பெண்களோடு அவர் களை வெட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். தப்பு என்னுடையது, மிஷினை நானே வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன் என்றேன். ஓசைப்படாமல் முடித்துவிடலாம் என்ற ஆசைதான்.

அவர் களைவெட்டியைக் கீழே வைத்தார். "நான் கூட்டிப் பாத்தேன் சார். இருவதுதான் வந்துச்சு. வாத்தியாரு பத்தொம்போதுங்கறாரே, நாமதான் தப்பாக் கூட்டிட்டோம்னு எறங்கிட்டேன். பஸ்ஸுல ஊரு வர்ற வரைக்கும் வெரல வுட்டு எண்ணிக்கிட்டே வந்தேன். எண்ணும்போதெல்லாம் இருவது வருது. எனக்கு மண்டைதான் கொழம்பிப் போச்சோன்னு பயந்துட்டேன்."

அவர் மேலும் சொன்னார்.

"மிசினு கெடக்குது சார். அந்த மைக்குலயே சொல்லுவீங்களா? எங்கூட்டுக்காரரு, எங்கூரு ஆளுவ எல்லாம் அங்கதான் நின்னு சிரிச்சாங்க."

"சொல்றேங்க" என்றேன்.

திரும்பிப் போய், மிஷினைக் கொடுக்கத் தலைவரிடம் சம்மதம் வாங்கினேன். அன்று சாயங்காலம் அந்தப் பெண் கணவரோடு வந்து மேடையேறினார். நான் முதல் தடவையாகக் கரும்பலகையில் மூன்று விலையையும் எழுதி, வாய்விட்டுக் கூட்டினேன். "நேற்று நான் தப்பாகக் கூட்டினேன். இந்த அம்மா கூட்டியதுதான் சரி" என்றேன். பிறகு முன்வரிசையில் ஒருவர், "நானும் இருவதுன்னுதான் நெனச்சேன் சார்" என்றார். நேற்று அவரும் வாய் திறக்கவில்லை. அதற்கப்புறம்தான் கைதட்டல் வந்தது. அந்தப் பெண் கும்பிடக்கூட இல்லை. பலகையில் இருந்த இருபதையே பார்த்துக்கொண்டு நின்றார். கணவரும் பஸ்காரர்களும் சேர்ந்து மிஷினை பஸ் மேல் ஏற்றினார்கள். நானும் ஒரு கை கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து தெருவில் பையன்கள் "பத்தொம்போது சார்" என்று கூப்பிட்டார்கள். ஓய்வு பெறும் வரை அந்தப் பேர் போகவில்லை. அது எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. சரியாகக் கணக்குப் போட்ட ஒருத்தியை, நான் வாத்தியார் என்ற ஒரே காரணத்தால், தன் விரல்களையே நம்பவிடாமல் ஒரு ராத்திரி முழுக்கத் தவிக்க விட்டேனே, அதை நினைக்கும்போதுதான் இன்றைக்கும் மனசு கூசுகிறது.