இருபத்து மூன்று எவர்சில்வர் தட்டுகள்

பூவிழி ஊரை விட்டுப் போனது 2022 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. மொரப்பூர் ஸ்டேஷனில் அன்று ரயில் நாற்பது நிமிடம் தாமதம். அந்த நாற்பது நிமிடமும் அவளுடைய பெரியப்பா ஓயாமல் பேசினார். கறுப்புக் கோட்டு போடுவதுதான் ஆசை என்றால் அதை அரூர் கோர்ட்டில் போட்டால் ஆகாதா, அதற்குச் சென்னை வரை போக வேண்டுமா என்பது அவர் கேள்வி. அவள் அப்பா சவுரியப்பன், கொத்தனார், பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு தண்டவாளத்தையே பார்த்திருந்தார். கடைசியில் பூவிழிதான் வாய் திறந்தாள்.

“அரூர்ல போட்டா, கம்பைநல்லூர்ல வூட்டோட இருந்தா ஆவாதான்னு கேப்பீங்க பெரியப்பா. நான் எங்க நின்னாலும் ஒரு ஊரு கம்மியாத்தான் சொல்லுவீங்க.”

நானும் அவளும் பத்தாவதிலிருந்து ஒரே பெஞ்சு. அவளை ரயில் ஏற்றிவிட்ட அடுத்த மாதம் நானும் கிளம்பினேன். மூன்று வருடம் கண்ட இடத்தில் கண்ட வேலை செய்து சுற்றிவிட்டு இந்த வருடம்தான் திரும்பினேன். வந்து பார்த்தால் ஊரில் பூவிழியைப் பற்றி இரண்டு கதைகள். பெரிய கம்பெனியை எதிர்த்து நம்ம பக்கத்து மண்டியைக் காப்பாற்றினாள் என்பது ஒன்று. திமிர் பிடித்து வேலையைத் தொலைத்தாள் என்பது இன்னொன்று. இரண்டும் தப்பு. நடந்ததை அவளிடமும், சம்பந்தப்பட்ட மற்றவர்களிடமும் கேட்டு எழுதுகிறேன்.

அவள் சேர்ந்தது சென்னையில் நூற்றுக்கணக்கான வக்கீல்கள் வேலை செய்யும் ஒரு பெரிய சட்ட நிறுவனம். அதில் அறிவுசார் சொத்துரிமை வழக்குகளைப் பார்க்கும் பிரிவு. பேர்தான் பெரிது, வேலையைச் சொன்னால் எல்லோருக்கும் புரியும். என் பெயரை, என் படத்தை, என் டப்பாவின் நிறத்தை அவன் திருடிவிட்டான் என்று கம்பெனிகள் போடும் வழக்குகள். அவள் மேஜைக்குப் பின்னால் ஓர் அலமாரி முழுக்க ஜோடி ஜோடியாகப் பொருள்கள் இருந்தன. அசலும் போலியுமாகச் சோப்பு, தலைவலித் தைலம், கொசுவத்தி. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எழுத்து எங்கே ஒத்துப்போகிறது, படம் எங்கே வளைகிறது என்று பட்டியல் போடுவதுதான் முதல் சில மாதங்களுக்கு அவள் வேலை.

கூடச் சேர்ந்தவர்கள் எல்லோரும் நாட்டின் பெரிய சட்டப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவர்கள். எந்தக் கல்லூரி என்று கேட்பார்கள். தருமபுரி அரசு சட்டக் கல்லூரி என்பாள். ஓ என்பார்கள். அந்த ‘ஓ’வை அவள் எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள், தலை லேசாகச் சாயும், புன்னகை அரை நொடி தாமதமாக வரும். அவளை ஏன் எடுத்தார்கள் என்பது அவளுக்கே தெரியும். தமிழில் கிறுக்கிய துண்டுச் சீட்டு, மங்கிய லேபிள், கையெழுத்துக் கடிதம் எதுவானாலும் வேகமாகப் படித்து ஆங்கிலத்தில் எழுதித் தர அங்கே ஆள் இல்லை. ஒரு வருடம் தகுதிகாண் காலம். அதைத் தாண்டிவிட்டால் வேலை நிரந்தரம். அதற்காக அவள் ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அலுவலகம் போனாள். இந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்று உதறிவிட்டு வந்தவள் இல்லை அவள்.

2023 மார்ச்சில் ஒரு மசாலா கம்பெனியின் வழக்கு வந்தது. ‘தூக்கணாங்குருவி’ என்ற பெயரும் குருவிப் படமும் எங்களுடையவை, 2004இலிருந்து பயன்படுத்துகிறோம், பதிவும் செய்திருக்கிறோம், கடத்தூரில் ஒரு புளி மண்டி அதே பெயரில் புளி விற்கிறது என்பது புகார். கோர்ட் இடைக்காலத் தடை போட்டது. கூடவே, ராஜாமணி என்ற வக்கீலை ஆணையராக நியமித்து, அந்த மண்டிக்கு முன்னறிவிப்பின்றிப் போய், குருவிப் பெயர் தாங்கிய எல்லாப் பொருள்களையும் பட்டியல் எடுத்து, சீல் வைத்து, அறிக்கை தரச் சொன்னது. இந்த வழக்குகளில் இது வழக்கமான நடைமுறை. ஆணையருக்குக் கூடமாட உதவ வழக்குப் போட்டவர் தரப்பிலிருந்து ஒரு ஜூனியர் போவதும் வழக்கம். அவளுடைய சீனியர் ரஞ்சித்குமார், தருமபுரிக்காரி யார் என்று கேட்டார். அறையில் ஒரே ஒரு கைதான் உயர்ந்தது.

கடத்தூர் மண்டியில் அப்போது புளி சீசன். இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஓடு உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பூவிழியின் அம்மா ரோசம்மாள் கம்பைநல்லூரில் இன்னொரு மண்டியில் செய்வதும் இதே வேலைதான். கோட்டு போட்ட இரண்டு பேர், கம்பெனி மேனேஜர், இரண்டு போலீஸ்காரர்கள் என்று உள்ளே வந்ததும் தட்டும் சத்தம் நின்றுபோனது.

மண்டிக்காரி குள்ளம்மாள். கணவர் சின்னராஜ் இறந்து ஆறு வருடமாகத் தனியாக நடத்துகிறவர். ராஜாமணி உத்தரவை ஆங்கிலத்தில் படித்தார். பூவிழி தமிழில் சொன்னாள். குள்ளம்மாள் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த உணவுப் பாதுகாப்பு உரிமத்தைக் கழற்றி வந்து, கவர்மெண்டே பேர் போட்டுக் கொடுத்திருக்கிறது, இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று நீட்டினார். சாப்பிடும் பொருள் விற்கலாம் என்றுதான் அந்தக் காகிதம் சொல்கிறது, பெயர் யாருடையது என்று சொல்லவில்லை. பூவிழி இதை மெதுவாக விளக்கினாள். குள்ளம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சா இருக்குது. யாரூட்டுப் பொண்ணு கண்ணு நீ? வந்த வேலையப் பாத்தா நம்ம பக்கம் மாதிரி இல்லியே.”

பூவிழி நோட்டைத் திறந்தாள். பட்டியலை ஆரம்பித்தாள். அரைக் கிலோ பாக்கெட், ஒரு கிலோ பாக்கெட், அட்டைப் பெட்டி, ஒட்டாத லேபிள், சாக்கில் அச்சடிக்கும் தகடு. ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுத்து பிசகாமல் இறக்கினாள். மதியத்துக்குள் பதினாறு இனங்கள் ஆயின.

ஒரு மணிக்குச் சாப்பாடு. மண்டியிலேயே களி கிண்டிப் போடுவார்கள். பெண்கள் அடுக்கிலிருந்து எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கம்பெனி மேனேஜர் கண்ணில் அப்போதுதான் பட்டது. தட்டின் விளிம்பில் புள்ளி புள்ளியாகக் குருவி. ஒரு தட்டில் இல்லை, எல்லாத் தட்டிலும். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. குருவி எதில் இருந்தாலும் பட்டியலில் ஏற வேண்டும், உத்தரவில் ‘எல்லாப் பொருள்களும்’ என்று இருக்கிறது, எழுதுங்க மேடம் என்றார். தட்டுகளைக் கீழே வைக்கச் சொன்னார்.

“தட்டயும் புடுங்கிக்கினா களிய முந்தானையில வாங்கறதா?” என்றாள் வரிசையில் முதலில் நின்றவள். “முந்தானையில குருவி இல்ல, நல்லாப் பாத்துக்கங்க” என்றாள் அவளுக்குப் பின்னால் இருந்தவள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அவர்கள் சாப்பிட்டுக் கழுவி வைக்கும் வரை தட்டைத் தொட முடியாது என்று பூவிழி சொல்லிவிட்டாள். பிறகு இருபத்து மூன்று தட்டுகளும் அவள் முன்னால் அடுக்கப்பட்டன. முதல் தட்டை எடுத்து, பாத்திரக் கடையில் பெயர் வெட்டிய எழுத்தைப் படித்தாள். ‘தூக்கணாங்குருவி மார்க் புளி மண்டி, கடத்தூர். பொங்கல் அன்பளிப்பு, 1997.’

புளி வாங்கும் மளிகைக் கடைக்காரர்களுக்குக் கொடுக்க அந்தப் பொங்கலுக்குச் சின்னராஜ் வெட்ட வைத்த தட்டுகள். மீந்ததில்தான் பெண்கள் இத்தனை வருடமாகச் சாப்பிடுகிறார்கள். அதில் ஒரு தேதி இருப்பது குள்ளம்மாளுக்குத் தெரியும். அந்தத் தேதிக்கு என்ன பலம் என்பது தெரியாது. பூவிழிக்குத் தெரியும். பதிவு செய்தவருக்கும் முன்பிருந்தே ஒரு பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறவரைச் சட்டம் தடுக்காது. 2004க்கு முன்னால் 1997 நிற்கிறது. அதை எழுதச் சொன்னவரோ கம்பெனியின் ஆளேதான்.

அந்த இடத்தில் பேனா நின்றது என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். ‘எவர்சில்வர் தட்டு, 23’ என்று முடித்திருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் முதல் பதினாறு இனங்களுக்கு எழுத்துக்கு எழுத்து இறக்கியவள், கம்பெனிக்கு வலிக்கும் இடத்தில் மட்டும் சுருக்கினால், அது பட்டியல் எடுப்பதாகுமா? பதினேழாவது இனமாக முழுவதையும் எழுதினாள், வருடத்தோடு.

பக்கங்களைப் படம் எடுத்து ரஞ்சித்குமாருக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பிய ஐந்தாவது நிமிடம் போன் வந்தது. அவர் கத்தவில்லை. தட்டு விற்பனைச் சரக்கே இல்லை, அது பட்டியலில் தேவையில்லை, அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாக எழுதிவிடு என்றார். பிறகு குரலை இன்னும் தணித்தார்.

“பாவம்மா அந்த லேடீஸ். தட்டை அவங்ககிட்டயே குடுத்துடு. சாப்பிடட்டும்.”

“குடுத்துடலாம் சார். எழுதினதைத்தான் எடுக்க முடியாது.”

“நீ யாரோட வக்கீல்?”

“கம்பெனியோட வக்கீல்தான் சார். ஆனா இந்தப் பட்டியல் கம்பெனியோடது இல்ல, கோர்ட்டோடது. மேனேஜர் சொல்லித்தான் தட்டே உள்ள வந்துச்சு. குருவி இருக்கறப்ப எழுது, வருஷம் இருக்கறப்ப எழுதாதன்னா எப்படிங்க சார்?”

வேலையில் இருக்க வேண்டுமா வேண்டாமா என்று நீயே முடிவு பண்ணிக்கொள் என்று சொல்லிவிட்டு அவர் வைத்தார். ராஜாமணிக்கு ரயிலைப் பிடிக்கும் அவசரம். உங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டு எதைக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். பூவிழி அவர் முன்னால் பக்கங்களை வைத்து, நீங்கள் கோர்ட்டின் ஆள், இதில் ஒரு வரி குறைந்தாலும் நான் தனியாகக் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுப்பேன் என்றாள். அவர் அவளையும் தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். குள்ளம்மாளிடமும் வாங்கினார்கள். சரக்கைச் சீல் வைத்து, தட்டுகளை மட்டும் குள்ளம்மாள் பொறுப்பில் விட்டுவிட்டு வந்தார்கள்.

ஏப்ரலில், நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவரான பானுமதி மேடம் கூப்பிட்டார். பூவிழி இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை, ராஜினாமா எழுதிக் கொடுத்தால் நல்ல சான்றிதழ் தருகிறோம் என்றார்.

“நான் போகலீங்க மேடம். நீங்கதான் அனுப்புறீங்க. அதை நீங்கதானே எழுதணும்?”

எழுதினார்கள். ‘கட்சிக்காரரின் நலனைப் பாதுகாக்கத் தவறியதற்காக’ என்று ஒரு வரி. அடுத்து இரண்டு நிறுவனங்களில் நேர்காணலுக்குப் போனபோது அவள் அந்தக் கடிதத்தை மறைக்கவில்லை. கேட்பதற்கு முன்பே மேஜையில் வைத்தாள். இரண்டு இடத்திலும் கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை. ஊருக்கு வந்துவிடு, அரூரில் போர்டு மாட்டிக்கொள்ளலாம் என்று அப்பாவே இந்த முறை சொன்னார். சொத்துத் தகராறு, ஜாமீன் எல்லாம் செய்ய ஆள் இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்தது டப்பாவும் லேபிளும்தான், அதைச் செய்யாமல் நான் வரமாட்டேன் என்றாள். பாரிமுனையில் ஒரு மாடியில் நான்கு வக்கீல்கள் பகிரும் அறையில் அவளுக்கு அரை மேஜை கிடைத்தது. ஊதுபத்தி, சட்டை, முறுக்கு என்று சின்ன வழக்குகள் வந்தன. வழக்குப் போடுகிறவர்கள், போடப்பட்டவர்கள் இரண்டு தரப்பிலும் நின்றாள்.

ஜூனில், குள்ளம்மாளின் வக்கீல் ஆணையர் அறிக்கையின் பதினேழாவது இனத்தை நீதிபதி முன் வாசித்தார். அதற்குப் பிறகு பழைய லேபிள்களும் கடைக்காரர்களின் வாக்குமூலங்களும் வந்தன. தடை நீங்கியது. வழக்கு இன்னும் நடக்கிறது.

இதற்கெல்லாம் குள்ளம்மாள் நன்றி சொல்வார் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் கடத்தூருக்குப் போய்ப் பூவிழி பெயரைச் சொன்னதும், “அவளா? தட்டு புடுங்க வந்தவதான” என்றார். இதைப் பூவிழியிடம் சொன்னேன். ஆமாம், அதுதானே நான் செய்தேன் என்றாள். அவள் மண்டியைக் காப்பாற்றப் போகவில்லை. கம்பெனிக்காகப் போனாள், போன வேலையை முழுதாகச் செய்தாள். அதற்காக ஒரு நிறுவனம் அவளை அனுப்பியது என்றால், அந்தக் கடிதத்தில் தலைகுனிய வேண்டிய பெயர் அவளுடையது இல்லை. அவளுக்கிருந்த பயம் வேறு. உள்ளதை எழுதுகிற ஒருத்திக்கு இந்தத் தொழிலில் இடமே இல்லாமல் போய்விடுமோ என்பது. இரண்டரை வருடம் அதற்குப் பதில் இல்லை.

இந்த வருடம் செப்டம்பரில் ஒரு நாள் மாலை, நான் அவளுடைய அரை மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது அவள் போனில் ஒரு செய்தி வந்தது. படித்துவிட்டு என் பக்கம் திருப்பினாள்.

“பூவிழி, ரஞ்சித்குமார் எழுதுகிறேன். ஓசூர் எண்ணெய் ஆலை வழக்கில் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஆணையர் ஒருவரை நீதிபதி கேட்டார். எதிர்த்தரப்பு உங்கள் பெயரைச் சொன்னது. எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டேன். உத்தரவு நாளை கைக்கு வரும். உங்களிடம் சலுகை எதுவும் கிடைக்காது என்று எங்கள் கட்சிக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.”