பாண்டியன் அனுப்பிய மிகச் சின்ன செய்தி

ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் பாண்டியனுக்கு வீட்டில் எது நடந்தாலும் அதில் ஒரு ஆவிக்குரிய பாடம் தெரிந்துவிடும். பால் பொங்கினால் கோபத்தைப் பற்றிய பாடம். மகள் திவ்யா ஒற்றைக் கம்மலைத் தொலைத்தால் மனந்திரும்புதல். மனைவி சுசீலா இட்லி மாவில் உப்புப் போட மறந்த அன்று மூன்று பகுதிகளாக ஒரு நீண்ட பிரசங்கச் செய்தியே வந்தது. உப்பில்லாத இட்லியைச் சபையார் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அறிந்தார்கள். அடுத்த ஞாயிறு மூன்று பேர் சுசீலாவிடம் துக்கம் விசாரித்தார்கள்.

தொழிற்சாலையில் பாண்டியனுக்கு ஸ்டோர்ஸில் வேலை. எந்த ஆணி எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வீட்டில் தன் செருப்பு எங்கே என்று சுசீலாவைத்தான் கேட்பார். தினமும் காலையில் சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு வேதாகமத்தில் வானத்திலிருந்து விழுந்த அப்பத்தின் நினைவாக 'குடும்ப மன்னா' என்ற பெயரில் குரல் செய்தி அனுப்புவது பதினான்கு மாதங்களாக அவரது ஊழியம். பதிவு செய்யும் இடம் பாத்ரூம். அங்கேதான் குரல் நன்றாக எதிரொலிக்கும். அந்த நேரத்தில் யாரும் கூப்பிடக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது, கைபேசிகள் சத்தம் போடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

ஒரு சனிக்கிழமை காலை. பாண்டியனுக்கு விடுமுறை. திவ்யா அம்பத்தூரில் வேலைக்குப் போக ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள். கதவைத் தட்டுவதைப் பற்றித்தான் இன்றைய செய்தி என்று அறிவித்துவிட்டு பாண்டியன் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். தொண்டையைச் செருமினார். கைபேசியில் நான்கு சதவீதம்தான் சார்ஜ் இருந்தது. சார்ஜரை எடுத்து வரலாம் என்று தாழ்ப்பாளை இழுத்தார். அது வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். குமிழ் மட்டும் கையோடு வந்தது.

கதவைத் தட்டினார். பிறகு இடித்தார். திறக்கச் சொல்லிக் கத்தினார்.

அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சுசீலாவுக்கு எல்லாம் கேட்டது. முந்தின வாரம் எரிகோவின் மதில் விழுந்த வேதாகமக் கதையைச் சொன்னபோது, அந்தச் சத்தத்துக்காக அவர் ஒரு வாளியையே போட்டு உடைத்திருந்தார். அதனால் இந்தச் சத்தத்தில் அவள் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சட்டப்படி மிக்ஸியைக்கூடப் போடாமல் காத்திருந்தாள்.

பாண்டியன் அவள் எண்ணுக்கு அழைத்தார். அவள் கைபேசியும் சட்டப்படி ஊமையாகிக் கிடந்தது. பாத்ரூம் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் வாயை வைத்து, உள்ளே மாட்டிக்கொண்டேன், யாராவது காப்பாற்றுங்கள் என்று அலறினார். மோட்டார் உடனே நின்றது. பாண்டியன் கண்களில் நீர் வந்தது. அப்புறம் யாரும் வரவில்லை.

இரண்டு சதவீதம். வேறு வழியில்லாமல் குழுவுக்கே குரல் செய்தி போட்டார்.

"பாண்டியன் பேசுறேன். இது செய்தி இல்ல. பாத்ரூம்ல மாட்டிக்கிட்டேன். யாராவது ஊட்டுக்கு வந்து சுசீலாகிட்ட சொல்லுங்க."

பதில்கள் கொட்டின. ஆமென். ஆமென். கும்பிடும் கைகள் பதினேழு. 'என் இருதயத்தைத் தொட்டது பிரதர்' என்று ஒருவர். 'இன்று எனக்காகவே பேசினீர்கள்' என்று வேப்பம்பட்டு சகோதரி ஒருவர். அதைப் படித்து முடிப்பதற்குள் கைபேசி அணைந்தது.

கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் பாண்டியன் உட்கார்ந்தார். பதினான்கு மாதங்களாக ஒருவரும் தன்னைக் கேட்கவில்லை என்பது மெல்ல மெல்ல அவருக்கு உறைத்தது. ஜெபம் செய்யலாம் என்று கண்ணை மூடினார். "முதலாவதாக" என்று ஆரம்பித்து நிறுத்தினார். ஆண்டவருக்கு மூன்று பகுதிகள் வேண்டியிருக்காது என்று தோன்றியது. தெறந்து விடுங்க ஆண்டவரே என்று மட்டும் சொன்னார். பல நாளைக்குப் பிறகு யாருக்கும் அனுப்பாத ஜெபம் அது.

முக்கால் மணி நேரம் கழித்து வாசலில் திவ்யாவின் குரல் கேட்டது. ஏண்டி திரும்பி வந்துட்டே என்று சுசீலா கேட்பதும் கேட்டது.

"அப்பா எங்கம்மா?"

"உள்ள பேசிகினு இருக்காரு. இன்னிக்கு இன்னாவோ ரொம்ப நேரம்."

திவ்யா கதவுக்கு ஓடி வந்தாள். திருமுல்லைவாயலில் இறங்கி, எதிர் ரயில் பிடித்து வந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தி கடப்பாரையோடு வந்து நெம்பினார். தாழ்ப்பாள் இரண்டு துண்டாக விழ, பாண்டியன் வியர்வையில் நனைந்து வெளியே வந்தார்.

"நான் மோட்டார நிறுத்திட்டு அசையாம நின்னு கேட்டேன், அண்ணாத்தே," என்றார் கலியமூர்த்தி. "காப்பாத்துங்கன்னு சொன்னப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

சுசீலா உடைந்த தாழ்ப்பாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"மூணு வாரமா இது சிக்குதுன்னு சொன்னேன். நீங்க என்ன பண்ணீங்க?"

பாண்டியன் நினைத்துப் பார்த்தார். கடினப்பட்ட இருதயம் என்று அதை வைத்து ஒரு செய்தி கொடுத்திருந்தார். எண்ணெய் விடவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். சுசீலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தேங்காய்த் துருவலோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

காபி குடிக்கும்போதுதான் மகளிடம் மெதுவாகக் கேட்டார், என் செய்தியைத் தினமும் கேட்கிறாயா என்று.

"கேக்குறேன்பா. ரயில் அம்பத்தூர் போறதுக்குள்ள முடியணும்ல, அதனால ரெட்டை வேகத்துல." கொஞ்சம் யோசித்து, "அந்த வேகத்துல நீங்க நல்லாத்தான் பேசுறீங்க," என்றாள்.

பாண்டியன் கடைத்தெருவுக்குப் போய்ப் புதுத் தாழ்ப்பாள் வாங்கி வந்தார். அதைப் பொருத்த மாலை வரை ஆனது. திவ்யா விடுப்புச் சொல்லிவிட்டுத் திருகாணிகளை எடுத்துக் கொடுத்தாள். கொஞ்சம் கோணல்தான், ஆனால் வழுக்கிக்கொண்டு திறந்தது. பத்து முறை திறந்து மூடிப் பார்த்தார். அதில் ஒரு பாடம் இருப்பது தெரிந்தது. வாயைத் திறக்கப் போனவர், சுசீலாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுக்களைக் குழாயும் ஒழுகுகிறதல்லவா என்று கேட்டார்.

அந்த நேரத்தில் பாஸ்டரிடமிருந்து அழைப்பு வந்தது.

"பிரதர், இன்னைக்குச் செய்தி ரொம்பச் சுருக்கமா, அருமையா இருந்துச்சு. தினமும் இதே அளவு இருந்தா போதும்."

சரிங்க பாஸ்டர் என்று சொல்லிவிட்டு, பாண்டியன் ஸ்பானரைத் தேட ஆரம்பித்தார்.