பத்தாவது பாட்டோடு சரி

அமெரிக்காவில், டல்லாஸ் பக்கம் காப்பெலிலிருந்து ரிச்சர்ட்சனில் இருந்த ஆபீசுக்கு ஒரு வருடம் கூட வேலை பார்த்த ஒரு தமிழரின் காரில்தான் போய்வந்தேன். ஐம்பதை நெருங்கியவர். ஒட்ட வெட்டிய நரைமுடி, இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை. காரில் ஒரே ஒரு ஆல்பம்தான் ஓடும். எண்பதைத் தாண்டிய ஒரு பிரெஞ்சுப் பாடகர் கடைசிக் காலத்தில் ஸ்டூடியோவில் பாடியது. வரிக்கு நடுவே அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். பத்தாவது பாட்டு முடிந்ததும் இவர் விரல் நீளும். மறுபடி முதல் பாட்டு. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஒருநாள் ஃப்ரீவேயில் வண்டிகள் அசையவே இல்லை. பொறுக்காமல், "உங்களுக்கு பிரெஞ்ச் தெரியுமாண்ணா?" என்றேன்.

"ஒரு வார்த்தை தெரியாதுப்பா. அதான் வசதி. தமிழ்ப் பாட்டு போட்டா ஊருக்குப் போகணும்னு இருக்கும். போய் விசா ஸ்டாம்பிங்ல மாட்டிக்கிட்டா இங்க திரும்பி வர முடியாது. வீடு இருக்கு, பொண்ணு ஹைஸ்கூல்ல இருக்கா. கிரீன் கார்டு வரட்டும்னு எங்கம்மா தவறினப்பகூட நான் போகலை. இந்தக் கிழவர் என்னை எங்கேயும் கூப்பிட மாட்டார்."

சும்மா இருக்க முடியாமல் அந்த ஆல்பத்தை ஃபோனில் தேடினேன். மொத்தம் பதினோரு பாட்டுகள். கடைசிப் பாட்டின் தலைப்பை மொழிபெயர்த்துப் பார்த்தேன்: 'அம்மா, வந்துவிட்டேன்.'

ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். பத்தாவது பாட்டு முடிந்தது. அவர் விரல் நீண்டது.

ஒரு வார்த்தைகூடத் தெரியாதவருக்கு, எங்கே நிறுத்த வேண்டும் என்பது மட்டும் எப்படித் தெரிந்ததோ!