கூட உட்காரும் ஆர்லீன்

எங்கள் சோபா ஆலையில் யாரையாவது வேலையை விட்டு அனுப்பும்போது மேலாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் சாட்சியாக உட்கார வேண்டும். அந்த வேலை ஆர்லீன் பிக்கெட்டுக்கு. தையல் பிரிவின் தலைவி, சாந்தமான முகம், ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பாடுகிறவள். அழுகிறவர்களைத் தேற்றி அவர்கள் வண்டிவரை கூட நடந்துபோக இவளைப் போல ஆள் மிசிசிப்பியிலேயே கிடையாது என்பது மேலாளர் டாரிலின் நம்பிக்கை.

அவள் எங்கள் பக்கம் நடந்து வந்தாலே இன்று யார் வேலை போகிறதோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

"இன்னைக்கு யாரு தலைய உருட்டப் போறீங்க, மிஸ் ஆர்லீன்?" என்பான் எங்களோடு வேலை செய்யும் ரோஸ்கோ.

"பாத்ரூம் போறேன்டா, வழிய விடு."

சிரிப்போம். சிரிக்காமல் என்ன செய்வது? எங்கள் மாநிலத்தில் ஒருவரை அனுப்பக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நாமும் அதேபோலச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடலாமாம், ஆகவே இரண்டு பக்கமும் சமமாம். எங்கே போவது என்று மட்டும் எந்த மகராசனும் சொன்னதில்லை.

போன வசந்தத்தில் ஒடெல்லின் முறை வந்தது. சாய்வு நாற்காலிக்கு மெத்தை பொருத்துவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவரிடமும் சம்பளம் எவ்வளவு என்று விசாரித்தான். நேற்று சேர்ந்தவர்களுக்கு நம்மைவிட அதிகம் என்று தெரிந்ததும் அதை எல்லோரிடமும் சொன்னான்.

ஒடெல் அறைக்குள் வருவதற்கு முன் டாரில் ஆர்லீனிடம் சொன்னார்: "சம்பளப் பேச்சு பேசித் திரியறான்ல, அதான் அனுப்பறேன். சம்பளம் பேசினதுக்காக ஆள அனுப்பக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, அத வெளிய சொன்னா நம்ம மேல பாயும். காரணமே இல்லேன்னா ஒரு தொல்லையும் இல்ல. புரியுதா?"

ஆர்லீன் தலையாட்டினாள்.

ஒடெல் வந்து உட்கார்ந்தான். "நான் என்ன சார் தப்பு செஞ்சேன்?"

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. நாளையிலேருந்து வர வேண்டாம்."

ஒடெல் அரசுத் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தான். அங்கிருந்து ஓர் அதிகாரி ஆர்லீன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். மேலாளர் ஏதாவது காரணம் சொன்னாரா என்று கேட்டார். பக்கத்து அறையில் அவள் கணவன் ஹாய்ட் மூக்கில் குழாயோடு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். அவன் வைத்தியம் அத்தனையும் அவள் வேலையோடு வருகிற காப்பீட்டில்தான் ஓடுகிறது.

"என் காதுல ஒண்ணும் விழல" என்றாள். புகார் தள்ளுபடியானது.

இதை அவள் என்னிடம் சொன்னபோது தரையைத்தான் பார்த்தாள். அன்றிலிருந்து தேவாலயத்தில் வாய் அசையும், குரல் வராது. கடையில் ஒடெல்லின் மனைவியைக் கண்டால் கூடையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவாள். நான் என்ன யோக்கியம்? காரணம் என்னவென்று ஆலையில் எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வாயிலும்தான் கொழுக்கட்டை. அவளுக்காவது வெட்கம் இருந்தது.

கோடையில் தேவாலயத்தில் மீன் விருந்து. ஆர்லீன் பரிமாறிக்கொண்டிருந்தாள். ஒடெல் தட்டோடு வந்தான். அவனுக்குப் பின்னால் நின்ற ரோஸ்கோ சும்மா இருக்காமல், "பார்த்துடா, அவங்க கிட்ட போனா சாப்பாடும் போயிடும்" என்றான்.

ஒடெல் திரும்பி முறைத்தான். "வாய மூடுறா. மிஸ் ஆர்லீன் அங்கயே உக்காந்திருந்தாங்க. ஏதாவது நடந்திருந்தா சொல்லியிருப்பாங்க. அவங்களே ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க. நான்தான் தப்பா நெனச்சுட்டேன்." பிறகு அவள் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டான்: "என் வேலையில என்ன கொறை இருந்துச்சு? நீங்களாவது சொல்லுங்க. அடுத்த எடத்துல திருத்திக்குவேன்."

ஆர்லீனின் முகம் சிவந்துபோயிற்று. "உன் வேலையில ஒரு கொறையும் இல்ல, ஒடெல்."

"அப்புறம் எதுக்கு என்னய அனுப்பினாங்க?"

வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"இன்னொரு மீன் துண்டு வைக்கட்டுமா?" என்றாள் ஆர்லீன்.