ஆற்றுக்கு மேல் வெறுங்காலோடு

எனக்கு எழுபத்தேழு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நால்வர் நான் பெற்றவர்கள், இருவர் என் தங்கை விட்டுப்போனவர்கள். என் பெயரை எழுதத் தெரியும். அதற்குமேல் எழுதினால் என் எழுத்தை எனக்கே வாசிக்க வராது. ஆகையால் நான் சொல்லச் சொல்ல மகளின் மகள், என் பேத்தி, எழுதுகிறாள்.

லண்டனில் இருக்கிற என் இரண்டாவது மகன் போன வருடம் என்னை அங்கே கூப்பிட்டான். போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. திருகோணமலையில் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் என் வீட்டை விற்றுவிட்டு, மிச்சக் காலத்தை நான் அவனோடு கழிக்க வேண்டுமாம். மருமகள் எனக்கென்று ஓர் அறையை ஒதுக்கி, புதுத் திரைச்சீலையும் போட்டிருந்தாள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த ஊரின் அழகைப் பார்த்தால் மனம் மாறும் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆற்றங்கரையில் சுற்றும் அந்தப் பெரிய ராட்டினத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

அதை ராட்டினம் என்று நான் சொன்னது மருமகளுக்குப் பிடிக்கவில்லை. கானிவேலில் சுற்றுவது வேறு, இது வேறு என்றாள். எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. கானிவேலில் ஏறினவர்கள் கத்திச் சிரிப்பார்கள். இங்கே செத்தவீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையில் நின்றார்கள்.

ஆற்றுக்கு மேலாகப் போகும் என்று மகன் சொல்லியிருந்தான். நான் கடல்கரைக் குடும்பத்துப் பெண். என் தகப்பனும் புருஷனும் கடலில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவர்கள். எங்கள் வீட்டில் யாரும் செருப்போடு வள்ளத்தில் கால் வைத்ததில்லை. ராட்டினத்தில் ஆட்களை ஏற்றும் கண்ணாடிக் கூடு நிற்காமல் ஊர்ந்து வந்தது. கதவு திறந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஏறினேன். கதவு மூடியது. கூடு மேலே போகத் தொடங்கிய பிறகுதான் மருமகள் என் காலைப் பார்த்தாள்.

"மாமி, செருப்பு எங்க?"

"வெளியில விட்டிட்டு வந்தனான்."

"ஐயோ அம்மா, இது வள்ளமே?" என்றான் மகன்.

"தண்ணிக்கு மேல போறதெண்டு நீதானே சொன்னனீ."

மருமகள் எங்களோடு வராதவள் போல அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

உள்ளே ஒரு கதிரை கிடையாது. நடுவில் பலர் இருக்கக்கூடிய நீட்டு வாங்கு ஒன்று மட்டும். அதில் இருந்துகொண்டு பார்த்தேன். அதுவும் ஒரு ஆறாம்! நேற்று ஊற்றி வைத்த தேத்தண்ணி நிறத்தில் ஓடுகிறது. பெரிய கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகத்தைக் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு மீன் வெட்டியவளுக்கு இதைக் காட்டுகிறார்கள். உயரம் என்றார்கள். எங்கள் ஊரில் கோட்டைக்குள்ளால் போய் மலை உச்சியில் நின்றால் காற்று முகத்தில் அடிக்கும், கீழே கடல் கறுத்துக் கிடக்கும், திரும்பி வரும்போது மான் வந்து சேலையை உரசும். இங்கே காற்றையும் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். கூட ஏறின சனம் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்கள் முகத்தையே படம் பிடித்தது.

உச்சிக்கு வந்ததும் மகன் எனக்குப் பக்கத்தில் இருந்தான். வீட்டுக்கு நல்ல ஆள் ஒருவர் கேட்கிறார், ஹோட்டல் கட்டப் போகிறாராம் என்றான். நான் அங்கே தனியாக விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்றும் கேட்டான். அதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் உடைந்தது. அதற்கு மட்டும் எனக்கு எகத்தாளம் வரவில்லை.

கீழே வந்து இறங்கினோம். நிலம் ஐஸ்கட்டி. கையுறை போட்ட ஒருவன் என் செருப்பை ஒரு பையில் போட்டு, தன் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தான். ஆளில்லாமல் கிடந்ததால் குண்டோ என்று பயந்தார்களாம். எங்கள் ஊர் யுத்த காலத்தில் எத்தனை சோதனைச் சாவடியில் எத்தனை பேர் என் பையைக் கிளறியிருப்பார்கள். ஒருவரும் என் செருப்புக்குப் பயப்படவில்லை.

செருப்பைப் போட மகன் குனிந்தான். அப்போதுதான் சொன்னேன்.

"மகன், இவ்வளவு பெரிய சாமான் என்னை ஏத்தின இடத்திலயே கொண்டுவந்து இறக்கிப்போட்டுது. நீயும் அப்பிடிச் செய். என்னை எடுத்த இடத்தில கொண்டுபோய் விடு. விழுந்தா அங்க விழுறன்."

அவன் நிமிரவில்லை. வார்ப்பட்டையைப் பூட்டுவதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

"வீடு?" என்றான்.

"நான் இருக்குமட்டும் விக்க ஏலாது."

"சரி அம்மா."

மாசியில் அவனே கூட வந்து என்னை வீட்டில் விட்டான். ஒரு கிழமை நின்று, வழுக்கும் கிணற்றடிக்குச் சீமெந்து போட்டு, பிடித்து நடக்கக் கம்பியும் அடித்துவிட்டுத்தான் போனான்.

பிள்ளை, போதும், பேனையை வை. இனி முதல்ல இருந்து வாசிச்சுக் காட்டு. உன்ர லண்டன் மாமியைப் பற்றிச் சொன்ன இடத்தை மட்டும் மெதுவா வாசி.